கெய்ர் ட்வெய்ட்டின் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே இசையமைப்பாளர் கெய்ர் ட்வெய்ட்டின் பதிவுகளை நண்பர்களுக்கு அனுப்பிவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்டுவிட்டு அவர்கள் எழுப்பும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யார் இவர்? நார்வேன்னா க்ரீக் பேரு தெரியும். இவரைக் கேள்விப்பட்டதே இல்லையே?

நார்வேயின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக் 1907-இல் இறந்தார். அடுத்த ஆண்டு, 1908 அக்டோபர் 19 அன்று, க்ரீக்கின் ஊரான பெர்கனில் ட்வெய்ட் பிறந்தார். குடும்பம் ஹார்டாங்கர் ஃபியோர்டை (மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல்) ஒட்டிய க்வாம் பகுதியின் விவசாயக் குடும்பம். பிழைப்புக்காகக் குளிர்காலத்தில் கிழக்கே ட்ராமன் நகரம், கோடையில் ஹார்டாங்கர் என்று சிறுவயது கழிந்தது. அந்தக் கோடைகளில் காதில் விழுந்த கிராமத்துப் பாட்டுகள்தான் பிற்பாடு அவருடைய முதலீடு.

1928-இல் ஜெர்மனியின் லைப்ஸிக்குக்குப் படிக்கப் போனார். பிறகு பாரிஸ், வியன்னா. ஆர்தர் ஓனெகர், வீலா-லோபோஸ், ஈகோன் வெல்லெஸ், நாடியா பூலான்ஜே என்று அவர் பாடம் கேட்டவர்களின் பட்டியல் பெரிது. நல்ல பியானோ கலைஞர். தன் கான்செர்ட்டோக்களை (ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) தானே மேடையில் வாசித்தவர். ஓபஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் படைப்புகளுக்கு இடும் வரிசை எண்; ஏறக்குறைய 300 ஓபஸ் எண்கள் வரை போன மனிதர். 1981 பிப்ரவரியில் ஹார்டாங்கர் பகுதியின் நோர்ஹெய்ம்சுண்டில் காலமானார். நமக்கு ஏன் இவர் பெயர் தெரியாமல் போனது என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. கீழே போகப்போக வரும்.

பேரை எப்படிச் சொல்லணும்? ஒவ்வொரு ஆல்பத்துலயும் எழுத்துக் கூடக்குறைய இருக்கே.

கெய்ர் ட்வெய்ட். பிறந்தபோது வைத்த பெயர் நில்ஸ் ட்வெய்ட். பழைய நார்டிக் வாடை வேண்டும் என்று கெய்ர் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதில் ஒரு ‘ர்’, குடும்பப் பெயரில் ஒரு ‘ட்’ என்று தானே கூட்டிக்கொண்டார். இரட்டை எழுத்தைக் கண்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு.

‘நூறு ஹார்டாங்கர் மெட்டுகள்’, ஓபஸ் 151, முதல் தொகுப்பு. ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதிய பதினைந்து குட்டித் துண்டுகள், மொத்தமே அரை மணி நேரம்தான். முதல் மெட்டின் பெயர் ‘மரியாதையோடு வருக’. வாசலில் வந்து நின்று கைகூப்பிக் கூப்பிடுவதுபோலவே இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய ஆர்கெஸ்ட்ராவை பியார்தெ எங்கெசெட் நடத்தி நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்ட பதிவு எளிதில் கிடைக்கும். ஸ்டாவாங்கர் ஆர்கெஸ்ட்ராவை ஊலெ கிறிஸ்டியான் ரூட் நடத்திய பிஸ் நிறுவனப் பதிவும் உண்டு. இரண்டில் எது என்று கேட்டால், நான் முதலில் கேட்டது எங்கெசெட். அந்தப் பாசம் போகவில்லை.

ஒரு வேண்டுகோள். அவர் கையெழுத்துப் பிரதிகளை அழித்த தீ விபத்து ஒன்று உண்டு, கீழே வரும்; முதலில் அந்தக் கதையைப் படித்துவிட்டு இசைக்கு வராதீர்கள். அப்படி வந்தால் ஒவ்வொரு மெட்டும் சாவு வீட்டுப் பாட்டாகக் கேட்கும். இந்த மெட்டுகளில் பாதிக்கு மேல் குறும்பும் கும்மாளமும்தான். ஊர் பீரைப் புகழ்ந்துகூட ஒன்று இருக்கிறது.

நூறு மெட்டுன்னு தலைப்பு. எண்ணிப் பார்த்தா அறுபதுதான் வருது. மீதி எங்கே?

சரியாக எண்ணியிருக்கிறீர்கள். இன்று கேட்கக் கிடைப்பவை நான்கு தொகுப்புகள்: 1, 2, 4, 5. ஒவ்வொன்றிலும் பதினைந்து. இரண்டாவது மலைப் பாட்டுகள். நான்காவது கல்யாண வீட்டு மெட்டுகள். ஐந்தாவது ட்ரோல் என்னும் மலைப்பூதங்களைப் பற்றியது. நடுவில் மூன்றாவது தொகுப்பைக் காணோம். 31 முதல் 45 வரை எண்ணுள்ள மெட்டுகள் அதோடு போய்விட்டன. 75-க்கு மேற்பட்டவையும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை.

அந்தத் தீ விபத்துல என்னதான் நடந்துச்சு?

1970-இல் நோர்ஹெய்ம்சுண்ட் பக்கம் இருந்த அவருடைய பண்ணைவீடு எரிந்து தரைமட்டமானது. வாழ்நாள் முழுக்க எழுதிய கையெழுத்துப் பிரதிகள் அந்த வீட்டுக்குள்தான் இருந்தன. பெரும்பாலானவை அச்சாகாதவை, நகல்கள் குறைவு. அவர் எழுதியதில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

‘எரிந்து சாம்பலானது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. அடுக்கிவைத்த காகிதக் கட்டு லேசில் முழுதாக எரியாது. ஓரங்கள் கருகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்போல இறுகிவிடும். ட்வெய்ட்டின் பிரதிகளில் மிஞ்சியவை அப்படிப்பட்ட கருகிய செங்கற்கள். உள்ளே இசை இருக்கிறது, பிரிக்கத்தான் முடியவில்லை. நார்வே இசைத் தகவல் மையம் அவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தியது. சாம்பலாகியிருந்தால் மனம் ஆறியிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

அப்படின்னா இப்போ நாம கேக்குறதெல்லாம் எப்படி வந்துச்சு?

ஓர் இசைப்படைப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. நடத்துநர் கையில் முழு ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளையும் சேர்த்து எழுதிய பிரதி, இருக்கும். வயலின்காரருக்கு வயலின் பகுதி, கொம்பு ஊதுபவருக்குக் கொம்புப் பகுதி என்று தனித்தனித் தாள்கள் இருக்கும். கச்சேரி வானொலியில் போயிருந்தால் ஒலிநாடா இருக்கும். ஒத்திகைக்காக எழுதிய பியானோ வடிவம் யாரிடமாவது தங்கியிருக்கும். வீட்டில் இருந்த ஸ்கோர் எரிந்தாலும் வெளியே போனவை பிழைக்கலாம். அச்சானவையும் தப்பின.

இதற்குப் பெரிய உதாரணம் ‘பால்டுரின் கனவுகள்’ என்ற பாலே. நார்டிக் புராணத்தின் ஒளிக்கடவுள் பால்டுர் தன் சாவைக் கனவு காண்கிறான், அதுதான் கதை. 1938 பிப்ரவரியில் ஆஸ்லோவில் அரங்கேறியபோது ட்வெய்ட்டுக்கு வயது 29. பிறகு அந்த ஸ்கோர் கைவிட்டுப் போனது. பல ஆண்டுகள் கழித்து இசையமைப்பாளர் காரெ டுவிக் ஹுஸ்பி முதலானோர் கருகிய தாள்கள், பழைய பதிவு, பியானோ வடிவம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு மீட்டெடுத்தார்கள். ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எந்த வாத்தியம் எந்தச் சுரம் வாசிக்கிறது என்று காதால் பிடித்து எழுதுவது என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஊலெ கிறிஸ்டியான் ரூட் நடத்திய முழுப் பதிவு வந்திருக்கிறது. அதில் வரும் பறைகளின் முழக்கத்தை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்; போனில் வேண்டாம்.

நாட்டுப்புற மெட்டை எடுத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தினார், அவ்வளவுதானே? அதுல என்ன பெரிய விஷயம்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அடக்கிக்கொண்டு பதில் சொல்கிறேன். ட்வெய்ட் ஹார்டாங்கரில் ஆயிரம் மெட்டுகள்வரை சேகரித்தவர். அவற்றில் ஐம்பதைப் பியானோவுக்கு எழுதினார். அது ஓபஸ் 150. நூறு என்ற திட்டத்தோடு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியது ஓபஸ் 151. ஒரே மெட்டு இரண்டிலும் வரும் இடங்களைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அவர் என்ன செய்தார் என்பது பிடிபடும்.

மெட்டு நாலைந்து வரிதான். அதை அவர் நீட்டி முழக்குவதில்லை. சிம்பொனிபோல வளர்ப்பதும் இல்லை. அதன் பெயர் சொல்லும் காட்சிக்கு ஏற்ற ஒலியைத் தேடுகிறார். மினுங்கும் ஃபியோர்டில் சத்தமில்லாமல் துடுப்புப் போடும் படகைப் பற்றி ஒரு மெட்டு. அதில் தண்ணீர் மேல் வெயில் விழுவதை ஆர்கெஸ்ட்ராவின் நிறத்திலேயே காட்டிவிடுவார். பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் இசையைக் காது நிறையக் கேட்டவர் என்பது தெரிந்துவிடும். மெட்டு ஊராருடையது. அதைச் சூழ்ந்த காற்று, ஈரம், இருட்டு எல்லாம் இவருடையவை.

க்ரீக்கும் நாட்டுப்புற இசையை எடுத்தவர்தான். ஹார்டாங்கரிலேயே லோஃப்ட்ஹுஸ் என்ற ஊரில் ஒரு சின்னக் குடிலில் உட்கார்ந்து எழுதியவர். ஆனால் க்ரீக் அந்த ஊருக்கு வந்துபோன விருந்தாளி. ட்வெய்ட் அங்கேயே மாடு கன்றோடு இருந்தவர். அந்த வித்தியாசம் இசையில் உண்டு.

ஹார்டாங்கர் ஃபிடில்னு ஒண்ணு வருதே, அது நம்ம வயலின்தானே?

தூரத்துச் சொந்தம். ஊரார் அதை ஹார்டிங்ஃபேலெ என்பார்கள். மேலே வில் படும் தந்திகள் நான்கு. விரற்பலகைக்கு அடியில், யாரும் தொடாமல், இன்னும் நான்கைந்து தந்திகள் ஓடும். மேலே வாசித்தால் கீழே உள்ளவை தாமாக அதிரும். பள்ளியில் படித்த ஒத்ததிர்வுதான். சிதாரிலும் சாரங்கியிலும் இருக்கும் தரப் தந்திகள் நினைவுக்கு வந்தால் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாலம் கொஞ்சம் தட்டையானது என்பதால் இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிப்பது எளிது. எப்போதும் ஒரு சுருதி கூடவே இரையும். முத்துச்சிப்பி பதித்து, தலையில் சிங்கமுகம் வைத்து, பார்க்கவும் அழகு. கிடைத்தவற்றில் பழையது என்று சொல்லப்படும் யோஸ்டா ஃபிடிலில் 1651 என்ற ஆண்டு இருக்கிறது.

சுருதி கூட்டும் முறைகள் இருபதுக்கு மேல். அதில் ஒன்றுக்கு ‘ட்ரோல் சுருதி’ என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் மதமறுமலர்ச்சிக் காலத்தில் இது பிசாசின் வாத்தியம் என்று சொல்லி ஃபிடில்களைத் தீயில் போட்டதும் நடந்தது. ட்வெய்ட் இந்த வாத்தியத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு கான்செர்ட்டோ எழுதினார். முதலாவது 1955. இரண்டாவது 1965, பெயர் ‘மூன்று ஃபியோர்டுகள்’. ஹார்டாங்கர், சோங்ன, நூர் ஃபியோர்டுகளுக்கு ஒவ்வொரு பாகம். இரண்டும் பிழைத்தன. ஆர்வெ மூன் பெர்க்செட் வாசித்த பதிவைத் தேடுங்கள்.

சில மெட்டு அச்சு அசலா கல்யாணி மாதிரி இருக்கே. எனக்குத்தான் அப்படித் தோணுதா?

உங்களுக்கு மட்டும் அல்ல. எனக்கு ட்வெய்ட்மேல் பைத்தியம் பிடித்ததே அங்கேதான். நார்வே நாட்டுப்புற இசையில் மத்தியமம் உயர்ந்து வருவது சாதாரணம். மேற்கத்தியர் லிடியன் என்று சொல்லும் அந்தச் சுரவரிசையும் கல்யாணியின் சுரவரிசையும் ஒன்றே. டோரியன் கரகரப்ரியா, ஃப்ரிஜியன் தோடி. ட்வெய்ட் 1930-இல் வெளிக்கொண்டுவந்த இரண்டாவது ஓபஸ், இரண்டு குரல்களில், அதாவது இரண்டு மெட்டு வரிகள் ஒன்றோடொன்று பின்னிப்போகும்படி, பியானோவுக்கு எழுதிய பன்னிரண்டு இன்வென்ஷன்கள் என்னும் குட்டித் துண்டுகள். லிடியன், டோரியன், ஃப்ரிஜியன் என்று இதே மூன்றில்தான்.

சுரவரிசை ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் இல்லை, பிடிகள் வேறு, கூடவே பல குரல்கள் போகின்றன. ஹார்டாங்கர் ஃபிடிலின் பழைய பாணியில் சில சுரங்கள் நம் பன்னிரண்டு கட்டங்களுக்கு நடுவிலும் விழும். கல்யாணியின் சாயல் என்று ரசியுங்கள், ஆலாபனையை எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவிலிருந்து போனதா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு தொடர்பும் கிடையாது.

அவரே ஏதோ ராக சாஸ்திரம் மாதிரி புத்தகம் எழுதினாராமே?

1937-இல் ஜெர்மன் மொழியில் ஒரு கோட்பாட்டு நூல் எழுதினார். மையக் கருத்து இதுதான்: ஆதார சுரத்தை நோக்கிக் கீழிருந்து ஒரு சுரம் அரைச்சுர இடைவெளியில் இழுப்பதுபோல, மேலிருந்தும் ஒன்று இழுக்கலாம். மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பாடியவர்களுக்குப் புரியவைப்பது சுலபம். காகலி நிஷாதமும் சுத்த ரிஷபமும் இரண்டு பக்கமும் ஸட்ஜத்தை நெருக்கி நிற்கின்றன அல்லவா, அந்த மாதிரி இழுப்பு. இதை வைத்துப் பழைய சுரவரிசைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாடு ஒன்றைக் கட்டினார். அதுவரை புத்திசாலித்தனம்.

அதற்குமேல் ஒரு படி போய், இந்தச் சுரவரிசைகள் எல்லாம் ஆதியில் நார்வேயுடையவை என்றார். கிரேக்கப் பெயர்களை நீக்கிப் பழைய நார்டிக் பெயர்களைச் சூட்டினார். ஆராய்ச்சியாளர்கள் இதை ஏற்கவில்லை. எல்லாமே நம்மிடமிருந்துதான் போனது என்று பேசுகிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், சிரித்துவிட்டு நகரலாம். 1930-களில் என்பதால்தான் முழுக்கச் சிரிக்க முடியவில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

இவர் நாஜின்னு எங்கேயோ படிச்சேன். உண்மையா?

நாஜிக் கட்சியின் நார்வே வடிவமான நாஷனால் சாம்லிங்கில் அவர் உறுப்பினராகவில்லை. ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடாது. 1930-களில் ஹன்ஸ் யாக்கொப்சென் என்பவரைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. ‘ரங்னரோக்’ அவர்கள் பத்திரிகை. கிறிஸ்தவத்தை வேரோடு நிராகரித்து, பழைய நார்டிக் சமயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. யாக்கொப்சென் பிற்பாடு கட்சியில் சேர்ந்தவர். அந்த வட்டத்தின் சிந்தனை ட்வெய்ட்டை ஆழமாகப் பிடித்திருந்தது. ‘பால்டுரின் கனவுகள்’ பாலேயும் முன்பதிலில் சொன்ன கோட்பாடும் பிறந்தது அந்தச் சூழலில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நிழல் அவரை விடவில்லை. நார்டிக் கடவுள், பழங்குடிப் பெருமை என்று எதுவும் காதில் விழுந்தாலே ஊர் முகம் சுளித்த காலம் அது. முதல் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இதில் இருக்கிறது. சிலர் அவரை முழுக்கக் குற்றமற்றவராகக் காட்டப் பார்க்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அவர் யாரோடு உட்கார்ந்து பேசினார் என்பது தெரிந்தே பால்டுரைக் கேட்கிறேன், பிடிக்கவும் பிடிக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் நடப்பதுதான்.

29-ஆவது சொனாட்டான்னா, முன்னாடி 28 இருக்கணுமே?

சொனாட்டா என்பது பல பாகங்கள் கொண்ட பெரிய வாத்தியப் படைப்பு. அவருடைய பியானோ சொனாட்டாக்களில் இன்று முழுதாக நம் கையில் இருப்பது இந்த 29-ஆவது ஒன்றுதான். ஓபஸ் 129, பெயர் ‘சொனாட்டா எத்தெரெ’, ஆகாய சொனாட்டா என்று வைத்துக்கொள்ளலாம். 1947-இல் பாரிஸில் கொடுத்த கச்சேரியில் முதலாவது சொனாட்டாவையும் இதையும் வாசித்தார். மற்றவற்றின் கதி நான்காம், ஐந்தாம் கேள்விகளில் சொன்னதுதான்.

எண்ணை விடுங்கள், இதன் இரண்டாம் பாகத்தைக் கேளுங்கள். வாசிப்பவர் முன்கையை அப்படியே கட்டைகள்மேல் கிடத்தி, சத்தம் எழாமல் அமுக்கிப் பிடிக்கிறார். அப்போது அந்தத் தந்திகளின் அதிர்வை அடக்கும் தடைகள் விலகிவிடும். மற்றொரு கையால் வேறு சுரங்களைத் தட்டினால், தொடாத தந்திகள் அதிர்ந்து ஒரு மெல்லிய ஒலிப்புகை எழும். தட்டிய சுரம் அடங்கிய பிறகும் அது நிற்கும். ஹார்டிங்ஃபேலெயின் அடித்தந்திகளைப் பியானோவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்பது என் வாசிப்பு. எதிரொலிச் சாதனமோ மைக்கோ எதுவும் இல்லாமல் வரும் ஒலி. ஹோவார்ட் கிம்செவின் பதிவில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

பியானோ கான்செர்ட்டோ ஆறுன்னு ஒரு இடத்துல, மூணுன்னு ஒரு இடத்துல போட்டிருக்கு. எது சரி?

அவர் எழுதியது ஆறு. நாக்ஸோஸ் ஆல்பங்களில் கிம்செ வாசித்திருப்பவை 1, 4, 5. முதலாவது லைப்ஸிக் மாணவப் பருவத்தது, ஓபஸ் 5. அந்த ஊர் வானொலி ஆர்கெஸ்ட்ராவே அதை அரங்கேற்றியது. ஐந்தாவது 1954, ஆர்ப்பாட்டமானது.

நான் சிபாரிசு செய்வது நான்காவது, ‘வடதுருவ ஒளி’. இலையுதிர்கால நிறங்களுக்கு மேலே ஒளி விழித்தெழுவது முதல் பாகம். குளிர்கால வானில் மினுங்குவது இரண்டாவது. வசந்தத்தின் வெளிச்ச இரவில் கரைந்துபோவது மூன்றாவது. அந்தக் கடைசிப் பாகம் முடிகிறதா, நாம்தான் கேட்பதை நிறுத்திவிட்டோமா என்று சந்தேகம் வரும். முன்பு சொன்ன பாரிஸ் கச்சேரியில் பிரெஞ்சு பியானோ கலைஞர் ஜெனெவியேவ் ஜாயோடு சேர்ந்து இரண்டு பியானோ வடிவத்தில் இதை வாசித்தார்.

நார்வேயில சாதாரண ஜனங்க பாடுற மாதிரி ஏதாவது எழுதியிருக்காரா?

ஆஸ்லாக் லோஸ்டா லூக்ரெவின் கவிதைக்கு அவர் போட்ட மெட்டு ஒன்று போதும். கோடைகால இரவைத் தூங்கிக் கழிக்க வேண்டாம் என்று தொடங்கும் பாட்டு. இருட்டே வராத அந்த ஊர்க் கோடையில் அந்த வரிக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. சிம்பொனி பக்கமே போகாதவர்களும் இதை முணுமுணுப்பார்கள்; இதை இயற்றியவர் யார் என்று தெரியாமலே பாடுகிறவர்களும் உண்டு. ஒருவகையில் அதுவும் நாட்டுப்புறப் பாட்டாகிவிட்டது. ஓலாவ் ஹௌகெவின் கவிதைகளுக்கும் இசையமைத்திருக்கிறார்.

தீக்கு அப்புறம் எதுவுமே எழுதலையா?

கொஞ்சம். 1974-இல் ஊதுவாத்தியக் குழுவுக்காக ‘சின்ஃபோனியா டி சொஃபியாதோரி’. ராணுவ இசைக்குழு, பள்ளி இசைக்குழு பக்கம் இருப்பவர்களுக்கு ட்வெய்ட்டைத் தெரிந்திருந்தால் பெரும்பாலும் இதன் வழியாகவோ, இதற்கு முன்பே எழுதிய சின்ஃபோனியெத்தா என்னும் குட்டி சிம்பொனியின் வழியாகவோதான். ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. குடிப்பழக்கம் கூடியது. தன் இசை நிற்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லாமலே போய்ச் சேர்ந்தார். மீட்டெடுப்பும் புதிய பதிவுகளும் பெருமளவில் வந்தது அவர் இறந்த பிறகு.

என் பொண்ணு பியானோ படிக்கிறா. ட்வெய்ட்டை வாசிக்க முடியுமா, ரொம்பக் கஷ்டமா?

சொனாட்டா பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். பாஹின் இரு குரல் இன்வென்ஷன்களை வாசிக்கிற நிலை வந்திருந்தால் ஓபஸ் 2-ஐத் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் ஓபஸ் 150-இல் மெதுவான மெட்டுகள் சில இருக்கின்றன. கைக்குப் பெரிய வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. பெடலை எப்போது எடுப்பது என்று டீச்சரும் மாணவியும் சண்டை போட நிறைய இடம் உண்டு. அவளுக்குக் கல்யாணி தெரியும் என்றால் லிடியன் மெட்டு ஒன்றை முதலில் கொடுங்கள்; அந்தப் பிரதிமத்தியமத்தை அவள் விரல் தானாகத் தேடிப் போகும்.